கீழேயிருந்து வந்த வெள்ளம்

கெனித்ரா என்ற ஊரைக் கண்மணி கண்ணால் பார்த்ததே இல்லை. இருந்தாலும் யாராவது வாய் தவறி அந்த ஊரைப் பற்றிக் கேட்டுவிட்டால் போதும், அங்கேயே பிறந்து வளர்ந்தவள் மாதிரி ஆரம்பித்துவிடுவாள். மொராக்கோவில் செபூ ஆற்றங்கரையில் இருக்கிற ஊர் அது. கடல் கொஞ்சம் தள்ளித்தான், ஆனாலும் துறைமுகம் உண்டு. அந்தக் காலத்தில் பெரிய பெரிய கப்பலெல்லாம் கடலை விட்டு ஆற்றுக்குள் நுழைந்து, வளைந்து வளைந்து ஊர் வாசல் வரைக்கும் வந்து சரக்கு இறக்கிவிட்டுப் போகுமாம். இப்போது மீன் படகுகள்தான் மிச்சம். பிரெஞ்சுக்காரன் நூல் பிடித்துப் போட்ட தெருக்கள், கம்பத்து உச்சியில் கூடு கட்டி நிற்கும் செங்கால் நாரைகள், ஊருக்கு வெளியே கார் தொழிற்சாலைகள், ரயிலடியில் புல்லட் ரயில். இத்தனையும் நியூ ஜெர்சி ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில், பிள்ளைகளை ஸ்விம்மிங் கிளாசில் விட்டுவிட்டுக் காத்திருக்கும் மற்ற அம்மாக்களிடம் அவள் சொல்லும் கதை. அவர்களும் பாவம், தலையாட்டிக் கேட்டுக்கொள்வார்கள்.

எல்லாம் தம்பி சபரியால் வந்தது. கார்களுக்குள் ஓடுகிற ஒயர்களைக் கட்டுக் கட்டாகப் பின்னித் தரும் கம்பெனி ஒன்றில் கோயம்புத்தூரில் வேலை பார்த்தவனை, அந்தக் கம்பெனி கெனித்ராவுக்கு அனுப்பியது. அக்காக்காரி சும்மா இருப்பாளா? கூகுள் மேப்பைத் திறந்து உட்கார்ந்தவள், தெருத் தெருவாக அவனை முன்னால் விட்டுப் பின்னால் நடந்தாள். ஆற்றை ஒட்டிய புதுக் குடியிருப்பில் மாடி அறை ஒன்றை அவள்தான் தேர்ந்தெடுத்தாள். எதிரே ரொட்டிக் கடை, முக்குத் திரும்பினால் கம்பெனி பஸ் நிற்கிற இடம், ஜன்னலைத் திறந்தால் ஆற்றுக் காற்று. பவானியில் கூடுதுறைப் பக்கம் ஆற்றங்கரையில் வளர்ந்தவளுக்கு இதைவிட என்ன வேண்டும்?

அவளுடைய சுபாவமே அது. ஊரில் அப்பா கிட்டுசாமிக்கு மாத்திரை தீர்ந்தால் இங்கிருந்து ஆர்டர் போவதும், அம்மா ராமாத்தாள் வாசல் கேட்டைப் பூட்ட மறந்தால் கேமராவில் பார்த்துவிட்டு இங்கிருந்து போன் போவதும் அவளுக்கு அன்றாட வேலை. "நீ அவங்களுக்கு மகளா, கஸ்டமர் கேரா?" என்று புருஷன் லோகநாதன் கிண்டல் செய்வான். சிரித்துக்கொள்வாள். அமெரிக்காவில் இருந்துகொண்டு பெற்றவர்களைப் பார்க்காமல் விட்டுவிட்டாள் என்று சொந்தக்காரர்கள் யாரும் அவளைப் பார்த்து நாக்கின்மேல் பல்லைப் போட்டுப் பேச முடியாது. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

சபரி குடியிருந்த வீட்டில் கீழ்த்தளம் வீட்டுக்காரர்களுடையது. இத்ரீஸ், அவன் மனைவி நயீமா, ஒரு சின்னப் பெண் குழந்தை. இத்ரீசும் சபரியின் கம்பெனியிலேயே லைன் சூப்பர்வைசர். தெற்கே பாலைவன ஓரத்திலிருந்து பிழைக்க வந்து, சேர்த்து வைத்ததையெல்லாம் போட்டு அந்த வீட்டைக் கட்டியவன். இவ்வளவு தண்ணீரை ஒரே இடத்தில் பார்த்ததே இங்கே வந்துதான் என்று சொல்லிச் சிரிப்பானாம். வெள்ளிக்கிழமை மதியம் அவர்கள் வீட்டில் கூஸ்கூஸ் என்கிற கோதுமை ரவைச் சாப்பாடு செய்தால் சபரிக்கு மாடிக்கு வந்துவிடும். சைவக்காரன் என்று அவனுக்காகக் காய்கறி மட்டும் போட்டுத் தனியாக வைப்பாள் நயீமா. வீடியோ காலில் கண்மணிக்குக் கை காட்டுவாள். ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாவிட்டாலும் இரண்டு பேரும் மணிக்கணக்கில் சிரித்துக்கொள்வார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் அங்கே பேய் மழை. பல வருஷம் காய்ந்து கிடந்த பூமியில் வாரக்கணக்கில் விடாமல் கொட்டியது. மேலே அணைகள் நிரம்பித் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். செபூ ஆறு கரை மீறி, தாழ்வான குடியிருப்புகளுக்குள் புகுந்தது. அதிகாரிகள் வந்து எல்லோரையும் மேட்டில் இருந்த பள்ளிக்கூடம் ஒன்றுக்கு ஏற்றிவிட்டார்கள். ஒரே வகுப்பறையில் சபரியும் இத்ரீஸ் குடும்பமும் இன்னும் பல குடும்பங்களும்.

கண்மணி ஆபீஸ் வேலையை ஒரு ஸ்க்ரீனிலும் செபூ ஆற்றை இன்னொரு ஸ்க்ரீனிலும் வைத்துக்கொண்டாள். எந்த அணையில் எவ்வளவு திறக்கிறார்கள், மேல்பக்கம் தண்ணீர் மட்டம் என்ன என்று பிரெஞ்சுப் பக்கங்களை மொழிபெயர்த்துப் படித்து, சபரிக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இது புதிதில்லை. மேட்டூரில் திறந்துவிட்டால் பவானியில் காவேரிக் கரை வீடுகளுக்குள் தண்ணீர் வருவதும், பாய் தலையணையோடு கல்யாண மண்டபத்துக்குப் போவதும் சின்ன வயதிலிருந்து பார்த்ததுதான். மேலே அணையில் குறைத்துவிட்டார்கள் என்ற சேதி வந்ததும் முதல் ஆளாக வீட்டுக்கு ஓட வேண்டும். சேறு ஈரமாக இருக்கும்போதே தள்ளிக் கழுவிவிட வேண்டும். காயவிட்டால் அப்புறம் கடப்பாரைதான். மண்டபத்தில் இரு இரு என்று அதிகாரிகள் சொல்லிக்கொண்டேதான் இருப்பார்கள், யார் கேட்டார்கள்?

சனிக்கிழமை காலையில் சபரி கூப்பிட்டான். வீட்டுக்குள் நின்ற தண்ணீர் இறங்கிவிட்டது, ஆனால் இன்னும் யாரும் போகக் கூடாது என்கிறார்கள் என்றான். குழந்தைக்குக் காய்ச்சல், பள்ளிக்கூடத் தரை ஐஸ் மாதிரி இருக்கிறது, நயீமா வீட்டுக்குப் போகலாம் என்கிறாள், இத்ரீசுக்குத்தான் யோசனையாக இருக்கிறது. உன்னைக் கேட்கச் சொன்னார்கள் என்றான்.

கண்மணி ஸ்பீக்கரில் போடச் சொன்னாள். சபரிக்கு இரண்டு வருஷத்தில் அந்த ஊர்ப் பேச்சு வந்திருந்தது. அவள் சொல்லச் சொல்ல அவன் அவர்களுக்குச் சொன்னான்.

"மேல டேம்ல தொறக்கறத பாதிக்கு மேல கொறைச்சாச்சு. நடுவுல எல்லா எடத்துலயும் லெவல் இறங்கிட்டிருக்குது. இனி வர்றதுக்குத் தண்ணி எங்கிருக்குது? போயி சேத்தக் கழுவற வழியப் பாருங்க."

அந்தப் பக்கம் இத்ரீஸ் ஏதோ கேட்டான்.

"நிச்சயமான்னு கேக்கறாருக்கா," என்றான் சபரி.

"நிச்சயம்னு சொல்லு."

போனார்கள். சாயங்காலம் போட்டோக்கள் வந்தன. சுவரில் இடுப்பு உயரத்துக்குச் சேற்றுக் கோடு. துடைப்பத்தோடு நயீமா. பேண்ட்டை முட்டி வரை சுருட்டிக்கொண்டு, கட்டை விரலை உயர்த்திக் காட்டும் இத்ரீஸ். கழுவின தரையில் கம்பளம் விரித்து, குழந்தையைப் படுக்க வைத்திருந்தார்கள். கண்மணி ஒவ்வொரு போட்டோவையும் லோகநாதனிடம் காட்டினாள். பார்த்தீங்களா, நான் மட்டும் சொல்லாம இருந்திருந்தா இந்நேரம் அந்தக் குழந்தை அந்தத் தரையிலயே கிடந்திருக்கும் என்றாள்.

மறுநாள் தமிழ்ச் சங்கத்தில் பொங்கல் விழா. மாசி பிறந்த பிறகு என்ன பொங்கல் என்று கேட்கக் கூடாது. அமெரிக்காவில் பள்ளிக்கூட ஆடிட்டோரியம் என்றைக்குக் கிடைக்கிறதோ அன்றைக்குத்தான் தை பிறக்கும். எடிசன் பக்கத்தில் ஒரு ஹைஸ்கூலில் மதியத்திலிருந்து கூட்டம். கண்மணி வள்ளி கும்மிக் குழுவில் முன் வரிசை. மாசக்கணக்காகப் பயிற்சி எடுத்தது. பச்சைச் சேலை கட்டி, சலங்கை கட்டி, மேடையேறி ஆடினாள். மகள் ஸ்ம்ருதி கீழே உட்கார்ந்து வீடியோ எடுத்தாள். கைப்பை லோகநாதன் மடியில் இருந்தது. போன் அதற்குள்ளே சைலன்டில் கிடந்தது. ஜனங்கள் கைதட்டி இன்னொரு தரம் ஆடச் சொன்னார்கள், இன்னொரு தரமும் ஆடினார்கள்.

இறங்கி வந்து வேர்வையைத் துடைத்துக்கொண்டே போனை எடுத்தாள். சபரியிடமிருந்து வரிசையாக மிஸ்டு கால்கள். கடைசியாக ஒரு வாய்ஸ் மெசேஜ். பக்கத்தில் ஸ்பீக்கர் அலறிக்கொண்டிருந்ததால் வெளியே பார்க்கிங்குக்கு ஓடி, காதோடு வைத்துக் கேட்டாள்.

"அக்கா, தண்ணி மறுபடியும் ஏறுதுக்கா. படிக்கட்டுக்கு வந்துருச்சு. இது நிக்குமா, இன்னும் ஏறுமா? கொஞ்சம் பாத்துச் சொல்லுக்கா, சீக்கிரம்."

திரும்பக் கூப்பிட்டாள். போகவில்லை. மறுபடி, மறுபடி, போகவில்லை. காருக்குள் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். மேலே அணையில் திறப்பு குறைந்தபடியே இருந்தது. ஒவ்வொரு இடத்திலும் மட்டம் இறங்கிக்கொண்டே வந்தது. எந்தக் கணக்கைப் பார்த்தாலும் தண்ணீர் வடிந்துகொண்டிருக்க வேண்டும். பின்னே இது எங்கிருந்து வருகிறது? பைத்தியம் பிடித்தவள் மாதிரி ஒரே பக்கத்தை மறுபடி மறுபடி திறந்து மூடினாள்.

பக்கத்து சீட்டில் லோகநாதன் தன் போனில் எதையோ தேடினான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"கண்மணி, அங்க கடல்ல புயல் காத்து. கூடவே இன்னைக்குப் பெரிய ஹை டைடு. ஆத்துத் தண்ணி கடலுக்குள்ள எறங்க முடியல. கடலு அதைத் திருப்பித் தள்ளுது."

கண்மணி அவன் முகத்தையே பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த ஆறு மேலேயிருந்து கீழே வரும், வந்தால் போய்விடும். கடல் என்பது பவானிக்காரிக்கு மெரினாவில் கால் நனைத்துவிட்டு பஜ்ஜி தின்கிற சமாச்சாரம். கப்பல் ஆற்றில் ஏறி ஊர் வாசல் வரை வந்தது என்று ஊரெல்லாம் சொன்னவள்தான், அந்தக் கப்பலை ஏற்றிக்கொண்டு வந்தது எது என்று ஒரு நாளும் யோசித்துப் பார்க்கவில்லை. சலங்கையைக் கழற்றக்கூடத் தோன்றாமல் வீடு வரைக்கும் அப்படியே போனாள்.

அதற்குப் பிறகு நடந்ததை முயற்சி என்று சொல்வதா, கூத்து என்று சொல்வதா? ரபாத்தில் இருக்கிற இந்தியத் தூதரகத்தில் மரியாதையாகப் பேசினார்கள், பெயரையும் பாஸ்போர்ட் எண்ணையும் குறித்துக்கொண்டார்கள். சாலை திறந்தால்தான் எதுவும் தெரியும் என்றார்கள். கம்பெனிக்குப் போன் போட்டாள். வெள்ளத்துக்காகக் கம்பெனி மூடியிருக்கிறது என்று ரெக்கார்டு பேசியது. கெனித்ராவில் இருக்கிற ஹோட்டல்களுக்கெல்லாம் போன் போட்டு, மொழிபெயர்ப்பு ஆப்பை ஸ்பீக்கருக்கு நேராகப் பிடித்தாள். ஒரு ஆள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ரூம் காலி இல்லை என்று சொல்லி வைத்தான். எதிர்வீட்டு ரொட்டிக் கடையின் எண் மேப்பிலேயே இருந்தது. அது அடித்துக்கொண்டே இருந்தது. எந்தத் தண்ணீருக்கடியில் கிடந்து அடிக்கிறதோ என்று நினைத்ததும் சட்டென்று வைத்துவிட்டாள். கடையைப் பற்றி மேப்பில் யாரோ ஒருத்தி, ரொட்டி நன்றாக இருக்கும் என்று எழுதியிருந்தாள். அவளைத் தேடிப்பிடித்து, அம்மா, எதிர்வீட்டில் என் தம்பி இருக்கிறான், உயிரோடு இருக்கிறானா என்று எழுதினாள். அவள் படித்தாளா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை. தமிழ்ச் சங்க வாட்ஸாப் குரூப்பில் மொராக்கோவில் யாருக்காவது யாரையாவது தெரியுமா என்று கேட்டாள். கும்பிடும் கைகளாக வந்து விழுந்தன. ஒரு புண்ணியவான் மட்டும் அங்கே டூர் போக எந்த மாசம் நல்லது என்று கேட்டிருந்தார்.

நேரில் போக வேண்டியதுதானே என்று கேட்கலாம். விசாவில் இருக்கிறவர்களைக் கேட்டால் சொல்லுவார்கள். அவள் பாஸ்போர்ட்டில் விசா ஸ்டாம்பிங் காலாவதியாகி நாளாகிறது. வெளியே கால் வைத்தால், திரும்பி வர சென்னை அமெரிக்கத் தூதரகத்தில் தேதி வாங்கிக் காத்துக் கிடக்க வேண்டும். வேலை நிற்குமா, மகளை யார் பார்ப்பது, ஒன்றும் தெரியாது. அப்படியும் போகிறேன் என்று டிக்கெட் பார்த்தாள். வெள்ளத்தில் சாலை அடைபட்ட ஊருக்குப் போய் நீ என்ன செய்வாய் என்று லோகநாதன் கேட்டான். வாய்விட்டு அழுதாள்.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டாள். அம்மாவைத்தான் பொறுக்க முடியவில்லை. கெனித்ராவில் டவர் இல்லையாம், தம்பி பத்திரமாகத்தான் இருக்கிறான் என்று பெற்றவர்களிடம் கூசாமல் புளுகியிருந்தாள். அப்பா நம்பிவிட்டார். அம்மாவும் சரி கண்ணு என்று சொல்லிவிட்டு வைத்தாள். கேமராவைத் திறந்து பார்த்தால், ராமாத்தாள் முன் அறையில் தனியாக உட்கார்ந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனில் ஒரு எண்ணை அமுக்கிக் காதில் வைப்பதும், கேட்பதும், எடுத்துப் பார்ப்பதும், மறுபடி அமுக்குவதுமாக இருந்தாள். யாருடைய எண் என்று கண்மணிக்குச் சொல்ல வேண்டுமா? கூப்பிட்டுப் பேசினால் பொய்யைத் தொடர வேண்டும். பேசாவிட்டால் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். பார்த்துக்கொண்டு இருந்தாள்.

செவ்வாய்க்கிழமை மதியம், ஸ்ம்ருதியைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு வந்து காரை நிறுத்தும்போது தெரியாத எண்ணிலிருந்து கால் வந்தது.

"அக்கா, நான் நல்லாத்தான் இருக்கறேன்."

ஸ்டியரிங்கின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு ஓவென்று அழுதாள். பின் சீட்டில் ஸ்ம்ருதி பயந்துபோய், "அம்மா, ஈஸ் மாமா ஓகே?" என்று கேட்டாள். ஓகேடி தங்கம், ஓகே, நீ உள்ள போ என்று அனுப்பிவிட்டு, எங்கே இருக்கிறாய், சாப்பிட்டாயா, அடிபட்டதா என்று கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டாள். அவன் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரிக் குரலில் பதில் சொன்னான். அந்தக் குரலைக் கேட்கக் கேட்க அவளுக்கு அழுகை நின்றுவிட்டது.

பிறகு அவனே சொன்னான். ஞாயிற்றுக்கிழமை அங்கே ராத்திரி, கழுவின வீட்டில் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் ஆற்றின் மேல்பக்கத்திலிருந்து வரவில்லை, கடல் பக்கத்திலிருந்து வந்தது. ஆறு பின்னோக்கி ஓடியதைத் தன் கண்ணால் பார்த்தேன் என்றான். இத்ரீஸ்தான் எல்லோரையும் எழுப்பிவிட்டான். குழந்தையைத் தூக்கிச் சபரியின் தோளில் வைத்தான். நயீமாவை முன்னால் தள்ளி, மொட்டை மாடிக்கு ஏறச் சொன்னான். ஒயர் வேலைக்காரன் இல்லையா, ஈரச் சுவரில் கரண்ட் பாயும், கைப்பிடியைத் தொட்டால் எல்லோரும் போய்விடுவோம் என்று சொல்லிவிட்டு, மெயின் சுவிட்சை அணைக்க ஒருத்தனாகக் கீழே இறங்கினான். விளக்கு அணைந்தது. அணைந்த கொஞ்ச நேரத்தில் ஆற்றுப் பக்கத்துச் சுவர் இடிந்து விழுந்த சத்தம் கேட்டது. விடிந்த பிறகு படகு வந்து மற்றவர்களை இறக்கி, மறுபடியும் அந்தப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டது. இத்ரீஸ் இன்னும் கிடைக்கவில்லை.

"நான் நிச்சயம்னு சொன்னேன்," என்றாள் கண்மணி.

சபரி போனை ஸ்பீக்கரில் போட்டான்.

அந்தப் பக்கத்தில் ஒரு பெண் குரல் கேட்டது. நயீமாதான். சிரித்துச் சிரித்துப் பழகிய குரல். திட்டப்போகிறாள் என்று கண்மணி நினைத்தாள். திட்டட்டும், வாரித் தூற்றட்டும், அது ஒன்றுதான் இப்போது தனக்கு வேண்டியது என்று போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். நயீமா நிதானமாக, நிறுத்தி நிறுத்தி ஏதோ சொன்னாள். சபரி அதைத் தமிழில் சொன்னான்.

"அவங்க வீட்டுக்குப் போகோணும்ங்கறாங்கக்கா. அவர் வந்தா நேரா வீட்டுக்குத்தான வருவாரு, அங்க யாரும் இல்லைன்னா எங்கன்னு தேடுவாருங்கறாங்க. சுவரு போனாலும் ஒரு பக்கம் நிக்குதாம். நாளைக்கு மறுபடியும் தண்ணி வருமா, போலாமான்னு உன்னக் கேக்கச் சொல்றாங்க."

"என்னையா?"

"அன்னைக்கு நீ இறங்கும்னு சொன்ன, இறங்குச்சாமா. அப்பறம் ஏறுனது அல்லா செயல், அதுக்கு உங்கக்கா என்ன பண்ணுவாங்கன்னு சொல்றாங்க. அதிகாரிக சொல்றத நம்ப மாட்டேங்கறாங்க. நீதான் சொல்லோணுமாம்."

லேப்டாப் பக்கத்து சீட்டில்தான் இருந்தது. மூன்று நாளாக மூடவே இல்லை. அணை, ஆறு, கடல் ஏற்றம், காற்று, எல்லாப் பக்கமும் திறந்தே கிடந்தன. கண்மணி அவற்றைப் பார்த்தாள். எண்கள் எண்களாகவே இருந்தன. போகலாம் என்று சொல்ல நாக்கு எழவில்லை. போக வேண்டாம் என்று சொன்னால் அந்தப் பெண்ணிடம் அவன் இனி வரமாட்டான் என்று சொன்னதாக ஆகும் என்று நினைத்ததும் அதுவும் வரவில்லை.

"எனக்குத் தெரியலைன்னு சொல்லு சாமி," என்றாள். "அக்காவுக்கு ஒண்ணுமே தெரியலைன்னு சொல்லு."

சபரி சொன்னான். அவள் பேசியதைவிட நீளமாகவே சொன்னான். நயீமா கேட்டுக்கொண்டாள். அவள் திரும்பப் பேசியபோது குரலில் கோபம் துளியும் இல்லை.

"பரவால்லைங்கறாங்கக்கா," என்றான் சபரி. "அவசரமில்லையாம். நீ நல்லாப் பாத்துட்டே சொல்லுவியாம். அதுவரைக்கும் லைன்லயே இருக்கறாங்களாம்."